5.7 என்ற எண் சொல்லாமல் விட்டது: சுமிசு கால்டெரா, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 மே மாதத்தில், ஜப்பானுக்குத் தெற்கே நீளும் ஒரே தீவு வளைவில், நான்கு வார இடைவெளியில் இரண்டு நிலநடுக்கங்கள் வந்தன.

பெரியது மே 30 அன்று, ஒகசவாரா தீவுகளுக்கு மேற்கே வந்தது. அளவு 7.9. டோக்கியோவின் உயரமான கட்டடங்கள் நெடுநேரம் ஆடின. நாட்டின் 47 மாகாணங்களிலும் அதிர்வு உணரப்பட்டது. அளவீடுகள் தொடங்கிய காலத்திலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஆனால் கடல் அசையவில்லை.

சிறியது அதற்கு முன்பே, ஜப்பான் நேரப்படி மே 3 அதிகாலை 1.50 மணிக்கு வந்துபோயிருந்தது. அளவு 5.7. அது தோன்றிய இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் மனிதர் வாழும் தீவு ஒன்றுகூட இல்லை. நில அதிர்வுப் பட்டியல்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் குவியும் "நடுத்தர" நிகழ்வுகளில் ஒன்றாக அது கடந்துபோயிருக்க வேண்டும். ஆனால் வடக்கே 180 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹச்சிஜோ தீவின் யயெனே துறைமுகத்தில் கடல் அரை மீட்டர் அளவுக்கு எழுந்தது.

7.9க்கும் 5.7க்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. அந்த இரண்டாயிரம் மடங்கு பெரியது கடலைத் தொடவில்லை. சிறியது சுனாமியை எழுப்பியது.

பெரியதன் அமைதிக்குக் காரணம் சொல்வது எளிது. அது ஏறத்தாழ 680 கிலோமீட்டர் ஆழத்தில், பூமிக்குள் அமிழ்ந்துபோன தட்டுக்குள் முறிந்தது. அவ்வளவு ஆழத்தில் நடப்பது கடலடித் தரையை உயர்த்தாது. சிறியதைப் போன்ற நிகழ்வு அங்கே 1984இலேயே வந்திருந்தது; அந்த வகைக்குக் காரணம் சொல்லத்தான் அப்போதிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இடம்

பசிபிக் தட்டு பிலிப்பைன் கடல் தட்டின் அடியில் புகும் அமிழ்வு மண்டலம் இது. இரண்டும் சந்திக்கும் இஸு-போனின் அகழி சில இடங்களில் ஒன்பது கிலோமீட்டரையும் தாண்டி ஆழமானது. உள்ளே போகும் தட்டு வெறும் பாறை அல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலுக்கடியில் கிடந்து ஊறிய பாறை. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஆழத்தை எட்டும்போது, அழுத்தமும் வெப்பமும் அதற்குள் பிணைந்திருந்த நீரைப் பிழிந்தெடுக்கின்றன. அந்த நீர் மேலே உள்ள சூடான பாறையில் கலந்ததும் அதன் உருகுநிலை குறைகிறது. உருகியது மேலே வருகிறது. அதனால்தான் அகழிக்கு இணையாக, அதன் மேற்கே, எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன: ஓஷிமா, மியாகே, ஹச்சிஜோ, அவோகாஷிமா, சுமிசு, தோரிஷிமா, சோஃபுகான்.

தெற்கே போகப் போக மனிதர் குறைகிறார்கள். ஹச்சிஜோவில் ஏழாயிரம் பேர் இருக்கலாம், அவோகாஷிமாவில் இருநூறுக்கும் குறைவு. அதற்குக் கீழே இந்த எரிமலைத் தொடரில் குடியிருப்பு இல்லை. தோரிஷிமா என்றால் பறவைத் தீவு. 1841இல் மீன்பிடிப் படகு திசைமாறி ஒதுங்கிய மஞ்சிரோ என்ற சிறுவன் அங்கேதான் மாதக்கணக்கில் கடல்பறவைகளைத் தின்று உயிர்பிழைத்தான். பின்னர் ஓர் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவனை மீட்டது. இறகுக்காக ஆல்பட்ராஸ் பறவைகளைக் கொல்லக் குடியேறிய 125 பேரும் 1902 எரிமலை வெடிப்பில் மாண்டனர். பிறகு வந்த வானிலை நிலையமும் 1965இல் எரிமலை அதிர்வுகளுக்கு அஞ்சி மூடப்பட்டது.

நம் நிகழ்வு தோரிஷிமாவின் பெயரால் அழைக்கப்பட்டாலும், நடந்த இடம் அதற்கு நூறு கிலோமீட்டர் வடக்கே. அங்கே கடலுக்கு மேலே தெரிவது 136 மீட்டர் உயரமான ஒரு பாறை மட்டுமே. ஸ்மித் என்ற ஆங்கிலப் பெயர் ஜப்பானிய நாவில் சுமிசு ஆனது; பாறைக்கு அந்தப் பெயர். உண்மையில் அது மூழ்கிக் கிடக்கும் ஒரு பெரும் பள்ளத்தின் தென்விளிம்பு. எட்டு முதல் பத்து கிலோமீட்டர் அகலமான கால்டெரா அது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருவெடிப்பில் உள்ளிருந்த கற்குழம்பு வெளியேற, கூரை இடிந்து உள்ளே விழுந்து உண்டான பள்ளம்.

1984: முதல் முரண்

1984 ஜூன் 13 அன்று இதே பகுதியில் ஐந்தரை ஒட்டிய அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. யயெனேயில் கடல் ஒரு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. இந்த அளவுள்ள சாதாரண நிலநடுக்கம் இப்படிச் செய்வதில்லை. 5.7 அளவுக்கு நாம் எதிர்பார்ப்பது ஏழெட்டு கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒரு பிளவு, அதில் இருபது முப்பது சென்டிமீட்டர் நழுவல். கடலடித் தரை சில சென்டிமீட்டர் உயரலாம். துறைமுகத்தில் அது தெரியவே தெரியாது.

நில அதிர்வு அலைகளும் விசித்திரமாக இருந்தன. ஒரு பாறை இன்னொன்றின் மீது நழுவும்போது சில திசைகளில் நிலம் தள்ளப்படும், சில திசைகளில் இழுக்கப்படும். பூமியின் மேற்பரப்பில் ஓடும் அலைகளும் திசைக்குத் திசை மாறும். இங்கே அப்படி இல்லை. நிலத்தை மேலும் கீழுமாக ஆட்டும் ராலே அலைகள் எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே வலிமையில் பரவியிருந்தன. பக்கவாட்டில் ஆடும் லவ் அலைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மேலும் கீழுமாக மட்டும் சமச்சீராக ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு இது கையெழுத்து போன்றது.

இதை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் நில அதிர்வியலாளர் ஹிரோ கனமோரி. அந்தப் பெயரை இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். அதிர்வு குறைவாகவும் சுனாமி பெரிதாகவும் இருக்கும் நிகழ்வுகளுக்கு "சுனாமி நிலநடுக்கம்" என்ற பெயரை 1972இல் முன்வைத்தவர் அவர்தான். 1896இல் சன்ரிகு கடற்கரையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற நிலநடுக்கம் அந்த வகை. அதிர்வு மெல்லியதாக இருந்ததால் மக்கள் ஓடவில்லை. இன்று உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோலை 1977இல் உருவாக்கியவரும் அவரே. நாளிதழ்கள் இன்னும் "ரிக்டர்" என்று எழுதினாலும், பெரிய நிலநடுக்கங்களுக்கு நாம் படிக்கும் எண் பெரும்பாலும் கனமோரியின் அளவுகோலில் வந்தது. தான் செய்த தராசு எங்கே எடையைத் தவறவிடும் என்பதையும் அவரே தேடிப் போயிருக்கிறார். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த குணம் அது.

1993இல் கனமோரியும் உடனிருந்தவர்களும் ஒரு விளக்கம் தந்தனர்: கடலடிக்குச் சற்றே கீழே கற்குழம்பும் நீரும் வினைபுரிந்து, படிவுகளுக்குள் திடீரென்று கிடைமட்டமாகப் புகுந்து பரவியிருக்கலாம். கால்டெராவைச் சுற்றியுள்ள வளையப் பிளவுகள் நழுவினாலும் இதே போன்ற அலைகள் வரும் என்று ஐஸ்லாந்தின் பார்தர்புங்கா எரிமலையை வைத்து மற்றொரு விளக்கமும் அடுத்த ஆண்டு வந்தது. எது சரி என்று நில அதிர்வு அலைகளை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்க முடியவில்லை. 1996இல் மறுபடி ஒன்று வந்தது. 2006இல் இன்னொன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை அதே இடம், அதே அளவு, அதே சுனாமி.

2015: கடலே சாட்சி சொன்னது

இந்த முறை ஒரு வேறுபாடு. கால்டெராவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் பத்து அழுத்தமானிகள் அணியாக வைக்கப்பட்டிருந்தன. மேலே நிற்கும் தண்ணீரின் எடையை அளந்துகொண்டே இருப்பது இக்கருவியின் வேலை. அலையின் முகடு கடக்கும்போது எடை துளி கூடும், பள்ளம் கடக்கும்போது துளி குறையும். துறைமுக அளவி காட்டும் அலையில் கரையின் வளைவும் துறைமுகத்தின் வடிவமும் கலந்திருக்கும். ஒரு துறைமுகம் சில அலைகளைப் பெருக்கும், சிலவற்றை அடக்கும். நடுக்கடலில் கிடைப்பது கலப்படமில்லாத அலை.

ஒரே அலை பத்துக் கருவிகளையும் எந்த வரிசையில், எவ்வளவு நேர இடைவெளியில் கடந்தது என்று பார்த்தால், அது வந்த திசையும் வேகமும் தெரிந்துவிடும். இந்தச் சுனாமிக்கு இன்னொரு உதவியும் இருந்தது. பெரும் நிலநடுக்கங்கள் எழுப்பும் சுனாமிகளின் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அவை கலையாமல் ஒன்றாகப் பயணிக்கும். பத்து கிலோமீட்டருக்கும் குறைவான பள்ளத்தில் பிறந்த அலையின் நீளமும் அதற்கேற்பச் சிறியது. அப்படிப்பட்ட அலைகளில் நீளமானவை முந்திக்கொள்ளும், குட்டையானவை பின்தங்கும். ஓட்டப்பந்தயத்தில் ஓடுபவர்களைப் போல, தொலைவு கூடக் கூட வரிசை நீளும். ஓர் அலை ஏறி இறங்க ஆகும் நேரமே அதன் அலைவுக்காலம்; ஒவ்வொரு அலைவுக்காலமுள்ள அலையும் எவ்வளவு பின்தங்கியது என்பதைக் கணக்கிட்டால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிப் போகலாம்.

யோஷியோ ஃபுகாவோ தலைமையிலான குழு அப்படித் திரும்பிப் போனது. அலைகள் வந்து சேர்ந்த புள்ளி சுமிசு கால்டெராவின் உள்ளே இருந்தது. எவ்வளவு தரை எழுந்தால் இந்த அலை வரும் என்று கணித்தபோது கிடைத்த விடை: கால்டெராவின் தளம் நடுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்ந்திருக்க வேண்டும், ஓரங்களில் சிறிது தாழ்ந்திருக்க வேண்டும். நில அதிர்வு அலைகளிலிருந்து கணித்த உயரத்தைவிட அது இருபது மடங்கு அதிகம்.

2018இல் வெளியான அந்தக் கட்டுரையின் நேர்மை என்னைக் கவர்ந்தது. இருபது மடங்கு வேறுபாட்டைக் கண்டதும் ஏதாவது ஒரு தரவைத் தவறென்று ஒதுக்கிவிடவில்லை. இரண்டு அளவீடுகளும் சரியாக இருந்தே இப்படி முரண்பட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்பதுதான் விடை. தரைக்கு மிக அருகில் நடக்கும் சில வகை அசைவுகள் தொலைதூர நில அதிர்வுமானிகளுக்குக் கிட்டத்தட்டப் புலப்படாது. கடலுக்கு மட்டுமே தெரியும் அசைவுகள் அவை.

தரைக்கதவு

என்ன அசைவு அது என்பதற்கு இன்று வலுவாக நிற்கும் விளக்கம் 2022இல் வந்தது. ஒசாமு சந்தன்பாத்தாவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் எழுதியது. 1984 நிகழ்வை முதலில் ஆராய்ந்த கனமோரியும் கெஞ்சி சதாக்கேயும் அந்தக் குழுவில் இருந்தனர். மூன்று தசாப்தங்கள் கழித்து அதே கேள்விக்குத் திரும்பி வந்தவர்கள்.

அவர்கள் சொல்வது இது. கால்டெராவுக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் கற்குழம்பு ஒரு தகடு போலக் கிடைமட்டமாகப் பரவிக் கிடக்கிறது. கீழிருந்து புதிய கற்குழம்பு வந்துகொண்டே இருக்க, அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடுகிறது. மேலே உள்ள பாறைக் கூரையை அது நெம்புகிறது. கூரையின் ஓரத்தில், பழைய இடிவின்போது உண்டான வளையப் பிளவு உராய்வால் பிடித்து நிற்கிறது. ஒருநாள் பிடி விடுகிறது. பிளவின் ஒரு பக்கம் மட்டும் நழுவ, கூரை ஒரு புறம் கீல் வைத்த தரைக்கதவு போல மறுபுறம் தூக்கிக்கொள்கிறது. அதே நொடியில் கீழே உள்ள கற்குழம்புத் தகடு விரிந்து, உள்ளிருந்த அழுத்தம் சற்றுத் தணிகிறது.

தரைக்கதவு என்பது வெறும் கற்பனை அல்ல. காலபகோஸ் தீவுகளின் சியெரா நெக்ரா எரிமலை தரைக்கு மேலே இருப்பதால், அங்கே இதே அசைவைச் செயற்கைக்கோள் ராடாரும் ஜிபிஎஸ் கருவிகளும் நேரடியாக அளந்திருக்கின்றன. 2018 ஜூன் 26 அன்று அங்கே வந்த நிலநடுக்கம் 5.4 அளவுதான். கால்டெராத் தளத்தின் ஒரு பகுதி 1.8 மீட்டர் வரை எழுந்தது. இது கடலுக்கடியில் நடந்திருந்தால் அங்கேயும் ஒரு சுனாமி பிறந்திருக்கும்.

இவ்வளவு பெரிய அசைவு ஏன் 5.7 என்ற சிறு எண்ணாகச் சுருங்கியது? இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது, அவசரப்படாமல் பார்க்கலாம்.

முதலாவது, பிளவு நேர்க்கோடு அல்ல, வளைவு. வளைவின் ஒரு முனையில் நழுவும் பாறை கிழக்கே ஓர் உந்தலைத் தருகிறது என்றால், எதிர் முனையில் நழுவுவது மேற்கே தருகிறது. தொலைவில் இருந்து கேட்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சமவலிமையுள்ள இரு அணிகள் கயிறு இழுப்பதைத் தூரத்தில் நின்று பார்த்தால் கயிறு அசையாதது போலத் தெரியும். இழுப்பவர்களின் உழைப்பு அதனால் குறைந்துவிடாது.

இரண்டாவது, இது மேற்பரப்புக்கு மிக அருகில் நடக்கிறது. கிடைமட்டத் தகடு ஒன்று மேல்நோக்கி விரியும்போது, மேலே அழுத்திப் பிடிக்க ஆழமான பாறை இல்லாததால் கூரை எளிதாகத் தூக்கிக்கொள்கிறது. மேலே உள்ளதைத் தூக்கிவிட்டுக் கீழே உள்ளதை அதிகம் உலுக்காத அசைவு அது. நீண்ட அலைகளாகப் பூமிக்குள் பரவுவதற்கு அதில் மிகக் குறைவே மிஞ்சுகிறது. கூரைக்கு மேலே நிற்கும் தண்ணீரோ, தூக்கப்பட்ட அளவு முழுவதையும் அப்படியே வாங்கிக்கொள்கிறது.

ஆக, 5.7 என்பது தவறான எண் அல்ல. தொலைவில் உள்ள நிலத்தை எவ்வளவு உலுக்கியது என்ற கேள்விக்கு அது சரியான விடை. கடலை எவ்வளவு தூக்கியது என்ற கேள்வியை அந்த எண்ணிடம் யாரும் கேட்கவில்லை. "நடுத்தரம்" என்ற சொல்லை நாம் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே பயன்படுத்திவிடுகிறோம் என்பதுதான் என் குறை.

எச்சரிக்கை எங்கே தடுமாறுகிறது

ஜப்பான் வானிலை முகமை நிலநடுக்கம் வந்த மூன்று நிமிடங்களுக்குள் சுனாமி முன்னறிவிப்பு தர முயல்கிறது. அந்த அவகாசத்தில் அலையைப் புதிதாகக் கணிக்க நேரம் இல்லை. அதனால் முன்கூட்டியே ஏராளமான பிளவுகளுக்குக் கணித்து வைத்திருக்கிறார்கள். இடமும் அளவும் தெரிந்ததும் பொருத்தமானதை எடுக்கிறார்கள். சாதாரணப் பிளவுகளுக்கு இது மிகச் சிறந்த முறை. கடற்கரையில் உயிர்களைக் காத்த முறை. ஆனால் அதன் நுழைவாயிலில் நிற்பது அளவு என்ற எண். எண்ணே சிறியதாக வந்தால் அடுத்த படிகள் எல்லாம் சிறியதாகவே வரும்.

மக்களுக்குச் சொல்லித்தரும் விதியும் இங்கே துணைக்கு வராது. கடலோரத்தில் பலமாக அதிர்ந்தால் எதற்கும் காத்திராமல் மேட்டுக்கு ஓடு என்பது அந்த விதி. ஹச்சிஜோவின் துறைமுகத்தில் படகைக் கட்டிக்கொண்டிருப்பவருக்கு 180 கிலோமீட்டர் தெற்கே நடக்கும் 5.7 கால் நடுங்கும் அளவுக்கு எட்டாது. அலை ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வந்துவிடும். குட்டை அலைகள் பின்தங்கி வருவதால் முதல் அலை பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கடல் சற்று ஏறி இறங்கியதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று இறங்கிப் போவதுதான் ஆபத்து.

2023 அக்டோபர் 9 காலை இந்தத் தடுமாற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. இந்த முறை இடம் சுமிசு அல்ல. தோரிஷிமாவுக்கும் தெற்கே, கடலிலிருந்து ஒற்றைத் தூணாக நிற்கும் சோஃபுகான் பாறையின் அருகே. இரண்டு மணி நேரத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட சிறு அதிர்வுகள். காலை 5.25 மணிக்கு வந்த ஒன்றின் அளவைத் தீர்மானிக்கவே முகமையால் முடியவில்லை. 6.40 மணிக்கு, ஹச்சிஜோ அடங்கிய இஸு தீவுகளுக்கு அறிவிப்பு வந்தது. அது நில அதிர்வை வைத்து அல்ல, கடல்மட்டம் ஏறுவதைக் கண்ட பிறகு. யயெனேயில் அறுபது, எழுபது சென்டிமீட்டர் அலை பதிவானது. அறிவிப்பு பின்னர் சிபா, கொச்சி, ககோஷிமாத் தீவுகள் என விரிந்தது. ஒவ்வொரு சிறு அதிர்வும் ஒரு சிறு அலையை எழுப்ப, அடுத்தடுத்த அதிர்வுகளின் இடைவெளி அலையின் அலைவுக்காலத்தோடு பொருந்திப் போனதால் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பெருத்தன என்பது சந்தன்பாத்தா குழுவின் முடிவு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் மெல்ல மெல்லத் தள்ளுவது போல. தனித்தனியாகப் பார்த்தால் எந்த அதிர்வும் கவனிக்கத்தக்கதாகத் தெரிந்திருக்காது.

எனவே இந்த வளைவில் அறிவிப்பின் முதல் சாட்சியாக நில அதிர்வுமானியை மட்டும் வைப்பது போதாது. கடலடி அழுத்தமானிகள் தொடர்ச்சியாக இங்கே இருக்க வேண்டும். 2015இல் கிடைத்தது போல ஓர் ஆய்வுக்காகச் சில காலம் வைக்கப்பட்டவையாக இல்லாமல், கேபிள் வழியே அந்த நொடியே கரைக்குத் தகவல் தருபவையாக. செலவு பெரிது, மக்கள் தொகை சிறிது என்ற வாதம் எனக்குத் தெரியும். ஏழாயிரம் பேர் வாழும் தீவுக்கும், அலை எட்டிய நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரைக்கும் அதே கடல்தான் என்பது என் பதில்.

கணக்கு கலைந்தது

1984, 1996, 2006, 2015. பன்னிரண்டு, பத்து, ஒன்பது ஆண்டுகள். இந்த வரிசையைப் பார்த்தவர்கள் அடுத்ததை 2020களின் நடுவில் எதிர்பார்த்திருப்பார்கள். அது 2018 மே மாதத்திலேயே வந்துவிட்டது. மூன்றே ஆண்டுகள். கற்குழம்பு வரத்து கூடியதா, பிளவின் பிடி தளர்ந்ததா, 2015இல் அழுத்தம் போதிய அளவு தணியவில்லையா என்று பல வழிகளில் இதை வாசிக்கலாம். ஐந்து நிகழ்வுகளும் 5.4க்கும் 5.8க்கும் இடையே அடங்கியவை. அளவை வைத்து அவற்றுக்குள் வேறுபாடு காண இடமே இல்லை.

சியெரா நெக்ராவில் 2018 ஜூன் 26 அன்று கதவு தூக்கிய பிறகு எரிமலை வெடிக்கப் பத்து மணி நேரம்தான் ஆனது. சுமிசுவில் ஐந்து முறை கதவு தூக்கியும் ஒருமுறைகூட அது கடலுக்கு மேலே தெரியும் வெடிப்பாக முடியவில்லை. ஆறாவது முறை அந்த எண் மறுபடி ஐந்தரையை ஒட்டித்தான் வரும். அது இந்த இரண்டில் எந்த வகை என்பதை அப்போதும் எண்ணிடம் கேட்க முடியாது. கால்டெராவின் மேலே உள்ள தண்ணீரிடம்தான் கேட்க வேண்டியிருக்கும்.